கையம்மா வாங்கிக்கொண்ட வளையல்

ஓசூர் ரோட்டிலிருந்து அடுகோடிக்குள் திரும்பி, மோட்டார் காயில் கட்டும் கடைகளைத் தாண்டி வந்தால், வெல்டிங் பட்டறைக்கும் அபார்ட்மென்ட் மதிலுக்கும் நடுவில் கையம்மா நிற்பாள். நிற்பாள் என்று சொல்வது பழக்கத்தில்தான். அவளுக்குக் காலும் கிடையாது, முகமும் கிடையாது. இடுப்பளவு உயரத்தில் ஒரு கல் தூண். அதன் பக்கவாட்டிலிருந்து ஒரு பெண்ணின் கை புறப்பட்டு, முழங்கையில் மடங்கி, விரல்களை மேலே நீட்டி, உள்ளங்கையை நம் பக்கம் காட்டிக்கொண்டிருக்கும். மணிக்கட்டில் கல்லிலேயே செதுக்கிய வளையல்கள். அவ்வளவுதான் அவள்.

பகலில் அவளைப் பார்த்தால் எனக்கு ஒன்றும் தோன்றாது. பட்டறையில் வேலை ஓடும் சாயங்காலங்கள்தான் ஆகாது. வெல்டிங்கின் நீல வெளிச்சம் அடிக்கும்போதெல்லாம் அந்தக் கையின் நிழல் அபார்ட்மென்ட் சுவரில் மூன்று மாடி உயரத்துக்கு எழும்பும். வெளிச்சம் நின்றதும் போய்விடும், மறுபடி எழும்பும். நில் என்கிறதா, வா என்கிறதா என்று கண்டுபிடிக்க முடியாது. அபார்ட்மென்ட்காரர்கள் அந்தப் பக்கத்து ஜன்னல்களுக்கெல்லாம் கெட்டித் திரை போட்டுவிட்டார்கள். ஐ.டி. வேலை பார்க்கிறவர்களுக்கும் பயம் பொதுச்சொத்துதான்.

நான் கன்டோன்மென்ட் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவள், பள்ளிக்கூடத்து டீச்சர். இந்தத் தெருவுக்குக் குடிவந்த புதிதில் அந்த நிழலைப் பார்த்ததும் என் கை தானாகச் சிலுவை போட்டது. கூட வந்த என் வீட்டுக்காரர், "கல்லுக்கெல்லாம் சிலுவையா? ஃபாதர்கிட்ட சொல்லவா?" என்று கேலி செய்தார். அவரும் அந்த இடத்தில் நடையை எட்டிப் போட்டதை நான் பார்த்தேன்.

தெருவின் வழக்கம் பிறகுதான் தெரியவந்தது. புருஷன் செத்தால் மற்ற இடங்களில் நாலு பேர் கூடி வளையலை உடைப்பார்கள். எங்கள் தெருவில் உடைப்பதில்லை. புருஷனை இழந்தவளே விடிவதற்கு முன் தனியாக வந்து, வளையல்களைக் கழற்றி, மஞ்சள் கயிற்றில் கோத்து, கையம்மாவின் மணிக்கட்டில் கட்டிவிட்டுப் போவாள். ஆடி அமாவாசை அன்று தெருவின் விதவைப் பெண்கள் மட்டும் கூடி, தொங்குகிற வளையல்களையெல்லாம் அவிழ்த்து, கல்லின் அடியிலேயே புதைப்பார்கள். புருஷன் இருக்கிறவள் அதைத் தொடக் கூடாது, அந்த நேரத்தில் அங்கே நிற்கவும் கூடாது. விளக்கு ஏற்றுவது மட்டும் புருஷன் இருக்கிறவளின் வேலை. மெயின் ரோட்டில் பெரிய லாரி போனால் தொங்குகிற வளையல்கள் கிணுகிணுக்கும். லாரி எதுவும் போகாதபோதும் சில நாட்களில் கேட்கும். நான் அதை ஆராயப் போனதில்லை.

விளக்கு ஏற்றுகிறவள் பூக்காரி. கல்லை ஒட்டித்தான் அவள் கூடை இருக்கும். நாற்பதைத் தாண்டியவள், வாய் ஓயாதவள், கை அதைவிட ஓயாதது. பேசிக்கொண்டே கனகாம்பரம் கட்டுவாள். பேச்சுக்கு நடுவே கை வளையல் தாளம் போடும். அவள் புருஷன் மோட்டார் காயில் கட்டுகிறவன். பல வருஷத்துக்கு முன் போர்வெல் மோட்டார் வேலைக்கென்று ஒரு கான்ட்ராக்டரோடு ராய்ச்சூர் பக்கம் போனான். திரும்பவில்லை. போனும் நின்றுபோனது. புருஷனை இழந்த அவன் அம்மா, அதாவது பூக்காரியின் மாமியார், தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு போய்த் தேடிவிட்டு வந்து, "அவன் அங்க இல்லம்மா" என்று சொன்னாளாம். வந்த மறுநாள் மருமகளிடம் தீப்பெட்டியைக் கொடுத்து, "இனிமே தெனம் நீதான் அம்மாவுக்கு வெளக்கு வெக்கணும்" என்றாளாம். அந்த மாமியாரும் இப்போது இல்லை.

அன்றிலிருந்து பூக்காரி விளக்கு வைக்கிறாள். ராத்திரிச் சோற்றில் ஒரு பங்கு எடுத்து மூடி வைக்கிறாள். தலையில் பூ, நெற்றியில் குங்குமம், கை நிறைய கண்ணாடி வளையல். அவன் பேச்சு வந்தால் ஒரே ஒரு கதைதான் சொல்வாள். மாதா திருவிழாக் கடையில் அவன் அவளுக்குப் பச்சை வளையல் ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்திருக்கிறான். வீடு வருவதற்குள் ஒன்றில் விரிசல் விட்டுவிட்டது. தூக்கிப் போடாமல் காயில் கட்டும் செப்புக் கம்பியை அதன்மேல் நெருக்கமாகச் சுற்றிக் கொடுத்தானாம். "தங்கக் காப்பாட்டம் இருந்துச்சு டீச்சர். ஜோடியோட எங்கியோ தொலச்சிட்டேன். நானும் அத்தையும் கட்டிலுக்கு அடியிலெல்லாம் தேடனோம்." ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அன்றுதான் தொலைத்ததுபோல் சொல்வாள்.

போன தை மாதம் கல்லின் அடியில் சிவப்புப் பெயின்டால் ஒரு அம்புக்குறி வந்தது. மழைநீர்க் கால்வாயை அகலப்படுத்தப் போகிறார்கள், ஜே.சி.பி. வரும், வழியில் இருப்பதெல்லாம் போகும் என்று பட்டறைக்காரர் சொன்னார். பூக்காரி அன்றைக்குப் பூ விற்கவில்லை. அந்த அம்புக்குறியின்மேல் ஈரத்துணியைப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பெயின்ட் போகுமா?

அந்தச் சமயத்தில்தான் ஒரு கன்னடப் பையன் வந்தான். பையன் என்கிறேன், முப்பது வயதிருக்கும். வைட்ஃபீல்டில் ஆபீஸ். சனி ஞாயிறுகளில் நண்பர்களோடு சேர்ந்து ஊர் முழுக்கப் பழைய கற்களைத் தேடித் திரிகிறவன். எங்கே குப்பை மேடு, எங்கே கழிவுநீர்க் கால்வாய், அங்கெல்லாம் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பானாம். கையம்மாவைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கிட்டே போனான். அதனாலேயே எனக்கு அவனைப் பிடித்துவிட்டது. இது மாஸ்திக்கல், புருஷனோடு தீயில் இறங்கின பெண்ணுக்கு வைப்பது, இந்த ரோட்டுக்கெல்லாம் ரொம்ப முந்தியது என்று விளக்கினான். எனக்குக் கோபம் வந்தது. உயிரோடு எரித்துவிட்டுக் கையை மட்டும் கல்லில் வைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள். எங்கள் தெருப் பெண்கள் எவ்வளவோ தேவலை. வளையலைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய் உலை வைக்கிறார்கள்.

ஜே.சி.பி. தூக்கினால் கல் இரண்டாக உடையும், உடையாவிட்டால் எங்காவது மண்ணோடு கொட்டப்படும். அதற்கு முன்னால் தெருவே சேர்ந்து முறையாகத் தோண்டியெடுத்து, நாலடி தள்ளி மதிலோரம் மேடை கட்டி நிறுத்திவிட்டால், படமெடுத்துத் தொல்லியல் துறைக்கு எழுதலாம், பிறகு யாரும் தொட மாட்டார்கள். இதுதான் அவன் சொன்ன வழி. ஆனால் தெருக்காரர்கள் சம்மதிக்காமல் ஒரு பிடி மண்ணையும் எடுக்க மாட்டேன் என்றும் சொன்னான்.

பூக்காரிக்கு அது போதும். அன்றிலிருந்து வீடு வீடாகப் போனாள். வேடிக்கை என்னவென்றால், மற்ற யாருக்கும் பிடிக்கவில்லை. கல்லைக் காப்பாற்ற வேண்டும் என்பார்கள், ஆனால் தோண்டக் கூடாது என்பார்கள். ஒருத்தி பூசாரியைக் கேட்க வேண்டும் என்றாள். கையம்மாவுக்குப் பூசாரியே கிடையாது. இன்னொருத்தி தனக்கு பி.பி. ஜாஸ்தி, மண் வாடை ஆகாது என்றாள். தெருவின் மூத்த விதவை இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அம்மா, எதற்கும் பின்வாங்காதவள். அவள்கூட என் முகத்தைப் பார்க்காமல் சட்டைக் காலரை அழுத்திக்கொண்டே, "குட்த்தத குட்த்ததாவே உட்டுடணும் டீச்சர். தோண்டிப் பாக்கறது இன்னாத்துக்கு?" என்றாள். குண்டக்க மண்டக்கப் பேசுகிறார்கள் என்று எனக்கு எரிச்சல்.

கடைசியில் பூக்காரி இஸ்திரி வண்டிக்கு முன்னால் போய் நின்று, "அம்மா போயிட்டா எனக்கு யாரு இருக்கா? அவரு வர்ற வரைக்கும் நான் யாரு முன்னால வெளக்கு வெக்கறது?" என்று கேட்டு அழுதாள். இஸ்திரிக்காரம்மா பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவளைப் பார்த்தாள். பிறகு, வெளியே வருவதெல்லாம் அன்றைக்கே விளக்கு வைப்பதற்குள் மண்ணுக்குள் திரும்பப் போக வேண்டும் என்ற நிபந்தனையோடு சரி என்றாள். புருஷன் இருக்கிறவர்கள் கிட்டே வரக் கூடாது என்பது அதற்கும் மேல்.

ஞாயிற்றுக்கிழமை நாள் குறித்தார்கள். நான் முதல் பூசைக்குப் போய்விட்டு வந்தபோது தெரு அடங்கிக் கிடந்தது. பட்டறைக்கு லீவு. ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் ஆடுகிற பிள்ளைகளைக்கூடக் காணோம். கல்லைச் சுற்றிப் பிளாஸ்டிக் நாற்காலிகளில் விதவைப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நானும் பூக்காரியும் எதிர்வாசலில் நின்றோம், எங்களுக்கு அனுமதியான எல்லை அதுதான். நாற்காலிகளில் எனக்குத் தெரியாத முகங்கள் சில இருந்தன. முன்பு இந்தத் தெருவிலிருந்து காலி செய்துகொண்டு போனவர்களாம். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு பி.ஜி. ஹாஸ்டலில் சமையல் வேலை பார்க்கிற அம்மா முதல் பஸ் பிடித்து வந்திருந்தாள்.

"உங்களுக்கு யாரு சொன்னது?" என்று கேட்டேன்.

"யாரு சொல்லணும்? நேத்துலருந்து கை ஊறிக்கினே கெடக்குது" என்று வெறும் மணிக்கட்டை நீட்டிக் காட்டினாள். சிவந்திருந்தது. பக்கத்து நாற்காலிக்காரியும் தன் கையைச் சொறிந்தபடி தலையாட்டினாள். நான் என் வாட்சைக் கொஞ்சம் மேலே தள்ளிவிட்டுக்கொண்டேன்.

பையனும் அவன் நண்பர்களும் கரண்டியும் பிரஷ்ஷுமாக உட்கார்ந்தார்கள். தார் பெயர்ந்ததும் மண் தெரிந்தது, மண்ணுக்குள் கண்ணாடி தெரிந்தது. சிவப்பு, மஞ்சள், நீலம், மினுக்குத் தூள் போட்டது, போடாதது. வெயில் பட்டதும் குழியே விழித்துக்கொண்ட மாதிரி இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டே போனார்கள். கீழே போகப் போகக் கண்ணாடி தடித்தது, நிறம் மங்கியது. ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவாகத் தோண்டிய இடத்தில் கறுப்பு வளையல் துண்டுகள் வந்தன. அதற்கும் கீழே சங்கு அறுத்துச் செய்தது ஒன்று. அதைப் பையன் இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டான்.

எங்கள் தெரு ஆட்கள் வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து மில் வேலைக்கென்று வந்தவர்கள். இந்த வழக்கத்தை யாரிடம் கற்றார்கள் என்று நான் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. முதலில் வந்தவளுக்கு இங்கே கொடுக்க வேண்டும் என்று யார் சொன்னது? இஸ்திரிக்காரம்மா குழியைப் பார்த்துக்கொண்டே, "கை நீட்டிக்கினு இருக்குது. கேக்குதுன்னு தெரியாதா?" என்றாள். காற்றே இல்லை. கல்லின் மணிக்கட்டில் கட்டியிருந்த வளையல்கள் மெதுவாக ஒலித்தன. நாற்காலிகளில் இருந்த அத்தனை பேரும் ஒரே சமயத்தில் நிமிர்ந்து பார்த்தார்கள்.

தப்பு அதற்குப் பிறகுதான் நடந்தது. அதைத் தப்பு என்றும் சொல்ல முடியாது, அவர்களுடைய வேலைமுறை அது. ஒரு வெள்ளைத் துணியை விரித்து, மேல் மண்ணில் கிடைத்த முழு வளையல்களைத் துடைத்து, நிறம் பார்த்து ஜோடி சேர்த்து வரிசையாக வைத்தார்கள், படமெடுக்க. குழிக்குள் கலந்து கிடந்தவரை அது மண்ணோடு மண். ஜோடி சேர்ந்ததும் ஒவ்வொன்றுக்கும் ஒரு கை வந்துவிட்டது.

"அது என்னுது" என்று பி.ஜி. சமையல்காரம்மா சட்டென்று எழுந்தாள். அவள் விரல் ஒரு நீல ஜோடியைக் காட்டியது. "வளைகாப்புக்குப் போட்டது." பிறகு இன்னொருத்தி எழுந்தாள். அடுத்து இன்னொருத்தி. "அது என்னுது." "அந்த மஞ்சா என்னுது." சத்தமாக அழவில்லை யாரும். அவரவர் வளையலுக்கு நேராகப் போய் நின்றுகொண்டார்கள். செத்துப்போனவர்களுக்காகக் கைவிட்டதெல்லாம் திரும்பி வந்து, வரிசையில் நின்று பேர் சொல்லக் கேட்டது.

கடைசியில் ஒரு ஜோடிக்கு முன்னால் யாரும் இல்லை. பையன் அதைத் தூக்கிப் பார்த்தான். சினிமா பார்த்துக் கற்ற தமிழில், "இது யார்து?" என்று கேட்டான். உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு நாற்காலியாகக் காட்டினான். "இது யார்து அம்மா?" ஒருத்தி முந்தானையைச் சரிசெய்தாள். ஒருத்தி மதிலைப் பார்த்தாள். இஸ்திரிக்காரம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அவன் கள்ளங்கபடம் இல்லாமல் தெருவைத் தாண்டி எங்கள் வாசலுக்கே வந்து கையை நீட்டினான்.

பச்சை ஜோடி. ஒன்றின்மேல் நெருக்கமாகச் செப்புக் கம்பி சுற்றியிருந்தது.

பூக்காரி பக்கம் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. எதிரே இருந்தவர்களைத்தான் பார்த்தேன். அங்கே ஒருத்திகூட எங்கள் பக்கம் பார்க்கவில்லை. அப்போதுதான் புரிந்தது. பூசாரியும் பி.பி.யும் மண் வாடையும் எதற்காக என்று புரிந்தது. அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. ராய்ச்சூரிலிருந்து திரும்பி வந்த மாமியார், மருமகளுக்குத் தெரியாமல் அந்த ஜோடியை எடுத்து, அந்த வருஷத்து ஆடி அமாவாசையில் இவர்கள் கண்முன்னால்தான் புதைத்திருக்கிறாள். செய்ய வேண்டியதைச் செய்து முடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து மருமகளோடு சேர்ந்து கட்டிலுக்கடியில் தேடியிருக்கிறாள்.

"யார்து அக்கா?" என்றான் பையன் மறுபடியும்.

பூக்காரி அதைத் தொடவில்லை. கம்பி சுற்றியதன் நுனி எங்கே முடிகிறது என்று தேடுகிறவள்போல் குனிந்து பார்த்தாள். பிறகு சாதாரணமாக, பூ விலை சொல்கிற குரலில், "என்னுது" என்றாள்.

அதன்பின் தெருவைத் தாண்டி நடந்துபோய், துணியில் காலியாக இருந்த அந்த இடத்துக்கு முன்னால் மற்றவர்களோடு நின்றுகொண்டாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. பக்கத்தில் இருந்தவள் நகர்ந்து இடம் விட்டாள்.

பையனுக்கு ஏதோ நடந்துவிட்டது என்று மட்டும் தெரிந்தது. கேமராவை எடுத்தவன் என்னைப் பார்த்தான், நான் வேண்டாம் என்று தலையை ஆட்டியதும் பைக்குள் வைத்துவிட்டான். பட்டறைச் சங்கிலிக் கப்பியை மாட்டிக் கல்லைத் தூக்கினார்கள். உடையாமல் வந்தாள். மதிலோரம் புதுக்குழியில் சங்கு வளையல் முதலில் போனது, பிறகு கறுப்பு, பிறகு மற்றதெல்லாம். பூக்காரி தன்னுடையதைத் தானே எடுத்து வைத்தாள், கையாலேயே மண்ணைத் தள்ளினாள். அப்போது இஸ்திரிக்காரம்மா அவளுக்கு மட்டும் கேட்கும்படி விஷயத்தைச் சொன்னாள். எல்லையை மறந்து பூக்காரிக்குப் பின்னாலேயே வந்துவிட்டிருந்த எனக்கும் கேட்டது. ராய்ச்சூரில் மோட்டாரைத் தூக்கும்போது அவள் புருஷனுக்குக் கரன்ட் அடித்துவிட்டதாம். அவன் அம்மா போய்ச் சேர்வதற்குள் அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்களாம். சட்டையை மட்டும் கொடுத்தார்களாம்.

விளக்கு வைக்கிற நேரம் வந்தது. அகல், எண்ணெய், திரி எல்லாம் தயார். ஆனால் யார் ஏற்றுவது? புருஷன் இருக்கிறவள் நான் ஒருத்திதான் அங்கே. எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள் என்று பயந்தேன். இஸ்திரிக்காரம்மா என்னைத் தாண்டிப் போய்த் தீப்பெட்டியைப் பூக்காரியின் கையில் வைத்தாள்.

"இன்னும் நான் ஏத்தலாமா?"

"இத்தினி வருசமா ஏத்திக்கினுதான இருக்கே. கையம்மா வேணாம்னு சொன்னாளா?"

ஏற்றினாள். பட்டறை மூடியிருந்ததால் அகல் வெளிச்சம் மட்டும்தான். அதில் கையம்மாவின் நிழல் மதிலில் விழுந்தது, ஒரு பொம்பளையின் கை அளவுக்கு மட்டும். அந்த நிழலைப் பார்த்து நான் பயப்படாதது அதுதான் முதல் தடவை. ஆனால் அழுதேன்.

கால்வாய் வளைந்து போகிறது இப்போது. கல்லுக்குப் பக்கத்தில் ஒரு போர்டு வைத்திருக்கிறார்கள், கன்னடத்தில். படிக்கிறவர்கள் படிக்கிறார்கள். பூக்காரி நாலு நாள் கடை போடவில்லை, பிறகு வந்துவிட்டாள். நெற்றியில் குங்குமத்துக்குப் பதில் சின்ன ஸ்டிக்கர். கையில் அதே மாதிரி நிறைய வளையல். எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை, கேட்கவும் முடியவில்லை. பூ வாங்கிக்கொண்டு நின்றுகொண்டே இருந்தேன். அவளே ஆரம்பித்தாள்.

"அத்த மேல எனக்குக் கோவந்தான் டீச்சர். தெனம் ராவுல அவருக்குச் சோறு எடுத்து வெப்பேன். அது எதிருல குந்திக்கினு பாத்துக்கினே இருக்கும். ஒரு நாள்கூட, வேணாம்டின்னு சொல்லல."

கனகாம்பரத்தை எண்ணாமல் எடுத்துக் கட்டினாள். வளையல் தாளம் போட்டது. என் கண் அங்கே போனதைப் பார்த்துவிட்டாள்.

"இதுவா? இத யாருக்கும் குடுக்க வேணாம். என்னோடத அம்மா அப்பவே வாங்கிக்கினா."

சொல்லிவிட்டு முழத்தை அளந்து, பல்லால் நாரைக் கடித்து, என் கையில் கொடுத்தாள்.